நெடுந்தூரப் பயணத்துக்கு டைட்டானியம் சைக்கிள் சட்டகம்: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

டைட்டானியம் சட்டகம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எடையைப் பற்றித்தான். ஒரே நாளில் 200, 300 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கும், பையும் தண்ணீரும் சுமந்து பல நாள் போகிறவருக்கும் சட்டகத்தில் குறையும் இருநூறு கிராமால் பெரிய வித்தியாசம் இல்லை. இந்தச் சட்டகம் என்றாவது உடைந்தால் எந்த இடத்தில் உடையும், அந்த இடத்தைச் செய்தவர் எவ்வளவு அக்கறையோடு செய்திருக்கிறார் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

டைட்டானியம் துருப்பிடிப்பதில்லை, பெயின்ட் பூசாமலே மழையையும் உப்புக் காற்றையும் தாங்கும். அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. அலுமினியத்தில் சிறிய அழுத்தமும் திரும்பத் திரும்ப விழும்போது சேதமாகச் சேர்ந்துகொண்டே போகும். டைட்டானியமோ, எஃகைப் போல, ஒரு வரம்புக்குக் கீழான அழுத்தத்தை எத்தனை இலட்சம் முறை கொடுத்தாலும் சோர்வால் விரிசல் விடாமல் நிற்கக்கூடியது. ஆனால் இது குறையில்லாத உலோகத்தைப் பற்றிய பேச்சு. வெல்டிங் சரியில்லாத இடத்திலும், துளையின் விளிம்பிலும், ஆழமான கீறலிலும் அழுத்தம் குவிந்து வரம்பைத் தாண்டிவிடுவதால், சட்டகங்கள் பெரும்பாலும் அங்கேதான் விரிகின்றன. குழாயின் நடுப்பகுதியில் விரிவது அரிது.

உலோகக் கலவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். குழாய்களுக்கு ஏற்றது கிரேடு 9 எனப்படும் கலவை. அதில் 3 விழுக்காடு அலுமினியமும் 2.5 விழுக்காடு வனேடியமும் இருக்கும். விமானங்களின் ஹைட்ராலிக் குழாய்களுக்குப் பயன்பட்ட கலவை இது. தையல் இல்லாத குழாயாக இழுக்க வசதியானது. 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் கொண்ட கிரேடு 5 இதைவிட வலிமையானது. ஆனால் குழாயாக இழுப்பது கடினம் என்பதால், சக்கரம் மாட்டும் டிராப்அவுட் போன்று கடைந்தெடுக்கும் பாகங்களுக்கே அது மிகவும் பொருந்தும். சட்டகம் முழுவதும் கிரேடு 5 என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், அந்தப் பணத்தை நல்ல சக்கரங்களுக்குச் செலவழிப்பதே மேல் என்பது என் கருத்து. கலப்பில்லாத டைட்டானியத்தால் ஆன குழாய்களைத் தவிர்த்துவிடுங்கள். 1970-களில் அப்படிச் செய்யப்பட்ட தொடக்ககாலச் சட்டகங்கள் அதிகம் நெளிவதற்கும் விரிசல் விடுவதற்கும் பெயர் பெற்றவை.

டைட்டானியத்தின் விறைப்பு எஃகின் விறைப்பில் ஏறத்தாழப் பாதிதான். எஃகுக் குழாயின் அதே விட்டத்தில் செய்தால், பாரம் ஏற்றிய சைக்கிள் இறக்கத்தில் வேகம் பிடிக்கும்போது முன்பகுதி ஆடத் தொடங்கும். சுவர் மெல்லிய குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்து ஏறுவதால், விட்டத்தைச் சிறிது கூட்டினாலே நல்ல பலன் கிடைக்கும். ஆகவே கைப்பிடியின் அடியிலிருந்து பெடல் அச்சுக்கு இறங்கும் கீழ்க்குழாயின் விட்டம் என்ன, சுவரின் கனம் என்ன என்று கேளுங்கள். உடல் எடை கூடியவரும் பின்னால் கேரியர் பை மாட்டுபவரும் 38 மில்லிமீட்டருக்குக் குறையாத கீழ்க்குழாயை எடுப்பது நல்லது.

இனி வெல்டிங். அதிக நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். டைட்டானியம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளிழுத்து நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். அதனால் வெல்டிங் செய்யும்போது மூட்டின் வெளிப்புறத்தை மட்டுமல்லாமல் குழாயின் உட்புறத்தையும் ஆர்கன் வாயுவால் நிரப்பி, உலோகம் ஆறும் வரை காற்று படாமல் காக்க வேண்டும். அந்தக் காவல் எப்படி இருந்தது என்பதை நிறமே சொல்லிவிடும். பளிச்சென்ற வெள்ளி நிறம் சிறந்தது. இளம் வைக்கோல் நிறம் ஏற்கத்தக்கது. நீலமோ ஊதாவோ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். சாம்பல் நிறமோ வெண்பொடியோ தெரிந்தால் அந்தச் சட்டகத்தை வாங்கக் கூடாது. அழகுக்காக அனோடைஸ் செய்து, அதாவது மின்சாரத்தால் மேற்பரப்பில் நிறம் வரச்செய்து, ஏற்றிய நீலத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மூட்டைச் சுற்றி மட்டும் இல்லாமல், திட்டமிட்ட வடிவத்தில் இருக்கும்.

வெளிப்புற நிறத்தைத் தேய்த்து அழித்துவிட முடியும் என்பதால், அதை மட்டும் நம்பக் கூடாது. சீட் போஸ்ட்டைக் கழற்றி, சீட் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் கூட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். மூட்டுகளின் பின்புறம் அங்கே தெரியும் இடங்களில் கறுத்தோ பொடி படிந்தோ இருந்தால், உள்ளே ஆர்கன் போதவில்லை என்று பொருள். வெளியே வெல்டிங் மணிகள் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில், குழாயோடு வழுக்கிச் சேர்ந்தாற்போல் இருக்க வேண்டும். மணியின் ஓரத்தில் நகம் மாட்டும்படி பள்ளம் இருந்தால், விரிசல் பிற்காலத்தில் அங்கிருந்து கிளம்பலாம்.

அடுத்தபடியாகத் துளைகள். சீட் குழாயின் மேல்முனையில் உள்ள பிளவு கூர்மையாக முடியாமல் வட்டத் துளையில் முடிந்திருக்க வேண்டும். கேபிள் உள்ளே போகும் துளைகளைச் சுற்றி வலுவூட்டும் பட்டை பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். நெடுந்தூரப் பயணத்துக்குக் கேபிள்கள் குழாய்க்கு வெளியே ஓடுவதையே நான் பரிந்துரைப்பேன். துளைகள் குறையும், நள்ளிரவில் சாலையோரத்தில் கேபிள் அறுந்தாலும் அங்கேயே மாற்றிவிடலாம். பின்சக்கர டிஸ்க் பிரேக்கின் விசை பெரும்பாலும் இடப்பக்கப் பின்குழாய்களில் விழுகிறது. பிரேக் தாங்கி மெல்லிய குழாயின் மேல் தனியாக ஒட்டியிருப்பதைவிட, கடைந்தெடுத்த டிராப்அவுட்டோடு சேர்ந்திருப்பது நம்பகமானது.

சட்டகம் இருபது ஆண்டு நிற்குமென்றால், அதில் மாட்டும் பாகங்களும் அத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும். பாட்டம் பிராக்கெட் மரையிட்டதாக இருக்கட்டும். மரையிட்டவற்றில் 68 மில்லிமீட்டர் அகலமுள்ள பிஎஸ்ஏ என்ற பழைய வகை இன்றும் எளிதில் கிடைக்கிறது, பெரிய விட்டமுள்ள டி47 வகையும் நல்லதே. அழுத்திப் பொருத்தும் வகைகளில் கூட்டின் அளவு சிறிது பிசகினாலும் கிறீச்சொலி விடாது தொடரும். 44 மில்லிமீட்டர் தலைக்குழாய் (ஃபோர்க்கின் தண்டு செருகும் குழாய்) நேரான தண்டுள்ள ஃபோர்க்கையும் அடி அகன்ற ஃபோர்க்கையும் ஏற்கும். 27.2 மில்லிமீட்டர் சீட் போஸ்ட் பரவலாகக் கிடைப்பதோடு சிறிது வளைந்து அதிர்வையும் குறைக்கும். பின்சக்கரத்துக்கு 12 மில்லிமீட்டர் குறுக்கச்சும் (டிராப்அவுட்டுகளின் ஊடே செருகும் அச்சு), சக்கரத்தின் மையப்பகுதி பொருந்த 142 மில்லிமீட்டர் அகலமும் கேளுங்கள். கியர் மாற்றியைத் தாங்கும் ஹேங்கர் தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதாக இருந்தே ஆக வேண்டும். 2019-இல் ஸ்ராம் நிறுவனம் கொண்டுவந்த பொது ஹேங்கர் முறையைப் பல தயாரிப்பாளர்கள் ஏற்றிருப்பதால், அதற்கு உதிரி கிடைப்பது எளிது.

டைட்டானியத்தின் சொகுசைப் பற்றி நிறையச் சொல்லப்படுகிறது. அதில் பெரும்பங்கு டயருக்கும் சீட் போஸ்ட்டுக்கும் உரியது. எனவே மட்கார்டு மாட்டிய பிறகும் 35 மில்லிமீட்டர் டயர் தாராளமாகச் சுழல இடமிருக்கிறதா என்று பாருங்கள். அளவைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டகத்தின் பெயரளவை நம்பாமல், இப்போது வலியின்றி நெடுநேரம் ஓட்டும் சைக்கிளின் ஸ்டாக், ரீச் அளவுகளோடு (பெடல் அச்சிலிருந்து தலைக்குழாயின் மேல்முனை வரையுள்ள உயரமும் முன்னோக்கிய தூரமும்) ஒப்பிடுங்கள். பத்து மணி நேர ஓட்டத்துக்குக் கைப்பிடி சற்று உயரமாக இருப்பதே கழுத்துக்கும் இடுப்புக்கும் நல்லது; வயது ஏற ஏற அந்த உயரம் இன்னும் தேவைப்படும்.

முன் ஃபோர்க் பெரும்பாலும் கார்பனால் ஆனது. அதன் ஆயுள் வேறு, விபத்துக்குப் பின் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஆயுட்கால உத்தரவாதம் என்பது பல சமயம் முதல் உரிமையாளருக்கு மட்டுமே உரியது என்பதால், நிபந்தனைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 4210 சோதனைகளில் தேறியதா என்றும் கேளுங்கள். பழைய சட்டகம் வாங்குவதானால் பெயின்ட் பூசியதைத் தவிர்ப்பது நல்லது, விரிசல் அதன் அடியில் மறைந்துவிடும்.

பூட்டும்போது எல்லா மரைகளுக்கும், அவை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையைத் தடவுங்கள். அலுமினிய சீட் போஸ்ட் ஈரத்தில் டைட்டானியத்தோடு சேர்ந்திருந்தால் அரித்துப் பிடித்துக்கொண்டு பிறகு கழற்றவே முடியாமல் போகும்; அதற்கும் அதே பசையைத் தடவி, சில மாதங்களுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடையுங்கள். கார்பன் போஸ்ட்டுக்குக் கார்பனுக்கான பசை வேண்டும். போஸ்ட் மேற்குழாய் மூட்டுக்குக் கீழே வரை இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் சீட் குழாயின் மேல்முனையே எல்லாப் பாரத்தையும் தாங்க நேரிடும். கழுவும்போதெல்லாம் தலைக்குழாயின் அடிப்பக்கம், பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றிய மூட்டுகள், பிரேக் தாங்கி ஆகியவற்றைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாத மெல்லிய கருங்கோடு மூட்டின் ஓரத்தில் தென்பட்டால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். உட்புறத்தை ஆர்கனால் நிரப்பிப் பற்றவைக்கத் தெரிந்தவரிடம் மட்டுமே சட்டகத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும். எஃகு வெல்டிங்கில் கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்த வசதி இல்லாதவரிடம் கொடுத்தால் மூட்டு முன்னைவிட மோசமாகிவிடும்.