மிக்ஸி வாங்கும் முன் போனில் மாற்ற வேண்டியவை

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். "தம்பி, மனத்தில் நினைத்தது விளம்பரமாக வருகிறதே, யாராவது ஒட்டுக் கேட்கிறார்களா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். எதைத் தேடினீர்கள், எந்த வீடியோவில் நின்றீர்கள், எதைப் பாதியில் விட்டீர்கள் என்ற கணக்கே அதற்குப் போதும். அந்தக் கணக்கில் நாம் கை வைக்கலாம்.

யூடியூபில் தொடங்குங்கள். செட்டிங்ஸுக்குப் போய், நீங்கள் பார்த்த வீடியோக்களின் வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் முதல், இப்படிச் செய்தவர்களுக்கு முகப்புப் பக்கம் ஏறக்குறைய வெறுமையாகவே வரும். வேண்டியதைத் தட்டச்சு செய்து தேட வேண்டும். நான் விரும்புவதும் அதைத்தான். அடுத்த வீடியோவைத் தானாக ஓடவிடும் ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். அடுத்து ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் 'விளம்பரம்' என்று தேடி, விளம்பரக்காரர்கள் உங்கள் போனை அடையாளம் காண உதவும் விளம்பர ஐடியை நீக்குங்கள். விளம்பரம் குறையாது, உங்களைத் துரத்துவது குறையும்.

பணம் கரைவது ஷாப்பிங் செயலியில்தான். மஞ்சக்குப்பத்திலிருந்து வரும் ஒரு அக்கா மிக்ஸிக்காக நாள் கணக்கில் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: செயலியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எத்தனை வாட், எத்தனை ஜார், அதிகபட்சம் எவ்வளவு ரூபாய் என்று எழுதுங்கள். பிறகு விலை வரம்பைப் போட்டு வடிகட்டுங்கள். செயலி தானாகக் காட்டும் வரிசை உங்கள் வசதிக்காக மட்டும் அமைந்ததல்ல. 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் இருப்பவை காசு கொடுத்து மேலே வந்தவை. அவற்றைத் தாண்டி மூன்று பொருளைக் குறித்துக்கொண்டு மூடிவிடுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை என்றாலும், ஜாமுக்கே அப்படித் திணறினால் மிக்ஸிக்கு?

பணம் கட்டும் பக்கத்தில் நிதானம் வேண்டும். நீங்கள் கேட்காத காப்பீடோ நன்கொடையோ கூடையில் ஏறியிருக்கும். 'இன்னும் 2 மட்டுமே' என்ற பொய் அவசரமும் இருக்கும். இரண்டையும் மத்திய அரசின் 2023 நவம்பர் வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளாகவே பட்டியலிட்டிருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தயங்காமல் அழையுங்கள்.

எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லவில்லை. கீபோர்டு அடுத்த சொல்லை ஊகித்துத் தருவது எனக்கே உதவியாக இருக்கிறது, அது இருக்கட்டும்.

பேரப்பிள்ளைகள் உங்கள் போனில் கார்ட்டூன் பார்த்தால் உங்கள் கணக்கே கார்ட்டூனாகிவிடும். அவர்களுக்கு யூடியூப் கிட்ஸ் போட்டு, நீங்கள் அனுமதித்த வீடியோக்கள் மட்டும் வரும்படி வையுங்கள். இது தெரியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள், காசு வாங்க மாட்டேன்.