கதையை பிளேயர்களிடம் விடுங்கள்: திறந்த உலக டி அண்ட் டி ஆட்டம் நடத்துவது எப்படி?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமாக டி அண்ட் டி) மாதிரி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில் சில முறை கேம் மாஸ்டராக (ஜி.எம்., அதாவது உலகத்தை உருவாக்கி ஆட்டத்தை நடத்துபவராக) உட்கார்ந்தவர்களுக்கு இந்தச் சங்கடம் தெரிந்திருக்கும். எழுதிவைத்த கதைப்படி எல்லாரும் மந்திரவாதியின் கோபுரத்துக்குப் போக வேண்டும். பிளேயர்களோ சந்தையில் பார்த்த குதிரை வியாபாரியின் பின்னால் போய்விடுகிறார்கள். அவர்களை இழுத்துவந்து கோபுரத்தில் விடாமல், குதிரை வியாபாரியையே அன்றைய ஆட்டமாக்குவதுதான் திறந்த உலக முறை, அதாவது சாண்ட்பாக்ஸ் முறை.

இந்த முறையில் அதிகம் பேசப்படுவது கேம் டிசைனர் பென் ராபின்ஸ் நடத்திய 'வெஸ்ட் மார்ச்சஸ்' என்ற ஆட்டத்தொடர். அதை எப்படி நடத்தினார் என்று 2007-ல் விரிவாக எழுதினார். பத்துப் பதினான்கு பேரில் யார் வேண்டுமானாலும் ஒரு செஷனுக்கு (ஒரு முறை கூடி ஆடும் ஆட்டத்துக்கு) வரலாம். என்றைக்கு ஆடுவது, எங்கே போவது என்பதை பிளேயர்களே பேசி முடிவுசெய்வார்கள். மையக் கதை என்று எதுவும் கிடையாது. உங்களுக்கு அத்தனை பேர் வேண்டாம், நான்கு நண்பர்கள் போதும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: எங்கே போவது என்று பிளேயர்கள் தீர்மானிக்க வேண்டுமென்றால், தீர்மானிக்கும் அளவுக்கு அவர்களுக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். விவரம் தெரியாமல் இடமா வலமா என்று கேட்பது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

படி 1: ஓர் ஊர், ஒரு வரைபடம்

உலகம் முழுவதையும் வரைய வேண்டாம். அறுகோணக் கட்டம் போட்ட ஹெக்ஸ் தாள் ஒன்றை எடுத்து, நடுவில் ஓர் ஊரை வையுங்கள். சுற்றிலும் மூன்று கட்டத் தூரம் போதும், ஊரையும் சேர்த்து மொத்தம் 37 கட்டங்கள் வரும். அவற்றில் ஆறேழு இடங்களில் மட்டும் ஏதாவது இருக்கட்டும். மீதி காடு, மேடு, சதுப்பு.

ஒரு கட்டத்தின் குறுக்களவு 6 மைல், அதாவது ஏறத்தாழ 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி அண்ட் டி-யின் ஐந்தாம் பதிப்பு விதிகளில் சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல். எனவே நல்ல பாதையில் நாளுக்கு 4 கட்டம், அடர்ந்த காட்டிலும் சதுப்பிலும் 2 கட்டம். கணக்கு மனதிலேயே முடிந்துவிடும். சமவெளியில் நிற்பவரின் கண்ணுக்கு அடிவானம் ஏறக்குறைய 3 மைல் என்பதால், கட்டத்தின் நடுவில் நிற்கும் கேரக்டருக்கு அதன் விளிம்பு வரை தெரியும் என்றும் சொல்லிவிடலாம்.

வரைய வராது என்றால் கவலை வேண்டாம். 1974-ல் வந்த முதல் டி அண்ட் டி-யே வனாந்தரப் பயணத்துக்கு 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு போர்டு கேமின் பலகையைப் பயன்படுத்தச் சொன்னது.

படி 2: இடங்களுக்கு ஆசைகளைக் கொடுங்கள்

ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று வரி எழுதுங்கள். அங்கே யார் இருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன வேண்டும்? யாருமே அங்கே போகாவிட்டால் ஒரு மாதத்தில் என்ன ஆகும்?

ஓர் உதாரணம். ஊரின் பெயர் கல்துறை, ஆற்றங்கரைப் பரிசல் துறை. வடக்கே ஒரே பாலத்தைக் கொள்ளைக் கூட்டம் பிடித்துவைத்துச் சுங்கம் வசூலிக்கிறது. அவர்களுக்கு வேண்டியது பணம், குளிர்காலத்துக்குத் தங்குமிடம். யாரும் தலையிடாவிட்டால் அடுத்து துறையைப் பிடிப்பார்கள். கிழக்கே சதுப்பில் பல்லி மனிதர்கள். புது அணையால் அவர்கள் முட்டையிடும் மேடுகளில் தண்ணீர் ஏறுகிறது, அணையை உடைக்க ஆள் திரட்டுகிறார்கள். இங்கே கதை எதுவும் எழுதப்படவில்லை. பிளேயர்கள் கொள்ளையரோடு சேரலாம், பல்லி மனிதர்களுக்காகத் தூது போகலாம், இரு தரப்பையும் மோதவிடலாம். எதைச் செய்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தாலே போதும்.

படி 3: வதந்திகள்

உங்கள் உழைப்பில் பாதி இங்கே போகட்டும். புதிய ஜி.எம்.கள் ரகசியங்களை இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள். திறந்த உலகில் அது ஆட்டத்தையே கொன்றுவிடும். சதுப்பில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாவிட்டால் சதுப்புக்கு யாரும் போகமாட்டார்கள்.

முதல் செஷனுக்கு முன்பே ஒவ்வொரு பிளேயருக்கும் இரண்டு வதந்திகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஆளுக்கு ஆள் வேறாக இருந்தால் மேசையில் பேச்சு தானாகவே தொடங்கும். நல்ல வதந்தியில் திசை, ஆதாயம், ஆபத்து மூன்றும் இருக்கும். "கிழக்கே ஒரு நாள் நடையில் முங்கிப்போன கோயில், உள்ளே வெள்ளிப் பாத்திரங்கள் அப்படியே கிடக்கின்றனவாம், போன வருஷம் போன ஐந்து பேரில் ஒருவன்தான் திரும்பினான்." இதைக் கேட்டவர்கள் போகலாமா வேண்டாமா என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் உங்களுக்கு வேண்டியது.

முக்கியமான இடத்தைப் பற்றிக் குறைந்தது மூன்று வழிகளில் செய்தி வரட்டும். ஒன்றைத் தவறவிடுவார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். வதந்தியில் கொஞ்சம் மிகை இருக்கலாம், முழுப் பொய் வேண்டாம். ஆபத்தையும் மறைக்காதீர்கள். வெஸ்ட் மார்ச்சஸில் ஊரைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறோமோ அவ்வளவு ஆபத்து கூடும். அது எல்லாருக்கும் தெரிந்த விதி என்பதால், எவ்வளவு துணிவது என்பது அவர்கள் பொறுப்பாகிறது.

படி 4: முதல் செஷன்

"என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று வெறுமனே கேட்டால் மேசை மௌனமாகிவிடும். நெருக்கடி ஒன்றைக் கையில் கொடுத்துத் தொடங்குங்கள்: பரிசல்காரரிடம் அவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள், பத்து நாளில் தவணை. பணம் எப்படி வரும் என்பது அவர்கள் பாடு. மறுபடியும் மௌனம் என்றால், கையிலுள்ள வதந்திகளில் மூன்றை நினைவூட்டுங்கள். யோசனை சொல்லாதீர்கள்.

படி 5: ஆட்டத்தின் நடுவே

எதிரே வருபவர்கள் எல்லாரும் வாளை உருவ வேண்டியதில்லை. பழைய பதிப்புகளின் ரியாக்‌ஷன் ரோல் இதற்கு அருமையான கருவி. இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுங்கள். 2 வந்தால் உடனே தாக்குவார்கள், 12 வந்தால் நட்போடு வரவேற்பார்கள், இடையில் வந்தால் தயக்கம், சந்தேகம், பேரம். நீங்களே எதிர்பாராத கூட்டாளிகள் இதிலிருந்து கிடைப்பார்கள். எழுதிவைத்த இருபது பெயர்களும் பக்கத்தில் இருக்கட்டும். யாரிடம் பெயர் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். எந்தத் திசையில் போனாலும் நீங்கள் தயாரித்த அதே கோட்டையை அவர்கள் முன்னால் கொண்டுபோய் வைக்கும் பழக்கம் சில மேசைகளில் உண்டு. உழைப்பு வீணாகாது என்பார்கள். ஆனால் வதந்தி கேட்டு, வரைபடம் பார்த்து, விவாதித்து அவர்கள் எடுத்த முடிவுக்கு அங்கே மதிப்பே இல்லை. கோட்டை மேற்கே என்றால் மேற்கேதான் இருக்கட்டும்.

படி 6: செஷன் முடிவில் ஒரு கேள்வி

எழுந்து போவதற்கு முன் கேளுங்கள்: "அடுத்த முறை எங்கே போகிறீர்கள்?" பதில் வந்த பிறகு அந்த ஓர் இடத்தை மட்டும் விரிவாகத் தயாரியுங்கள். திறந்த உலகத்துக்கு மலையளவு வேலை என்ற பயம் இந்தக் கேள்வியோடு போய்விடும்.

போகாத இடங்களையும் கொஞ்சம் நகர்த்துங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாகப் பிரித்து, செஷனுக்கு ஒரு துண்டை நிரப்புங்கள். பல்லி மனிதர்களின் வட்டம் நிரம்பினால் அணை உடையும். ஆனால் மூன்றாம் துண்டிலேயே சந்தையில் அதைப் பற்றிப் பேச்சு அடிபட வேண்டும்.

ஆட்கள் மாறி மாறி வரும் குழு என்றால், ராபின்ஸ் வைத்த மாதிரி ஒவ்வொரு செஷனும் ஊருக்குத் திரும்பி முடியட்டும். போய்வந்தவர்கள் தாங்கள் பார்த்ததைப் பொது வரைபடத்தில் தங்கள் கையாலேயே வரையட்டும். தப்பாக வரைந்தாலும் திருத்தாதீர்கள், அடுத்து அந்த வழியே போகிறவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.