ரயில் அட்டவணையை வைத்து ஓர் ஆங்கிலப் பாடம்: பெங்களூர்த் திட்டத்தின் வழியில்

1950களில் சென்னை மாநிலப் பள்ளிகளில் ஆங்கிலம் 'ஸ்ட்ரக்சர்' வழியில் கற்பிக்கப்பட்டது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒன்று படிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஆசிரியர் கதவை நோக்கி நடந்தபடியே "ஐ ஆம் வாக்கிங் டு த டோர்" என்பார். வகுப்பு திருப்பிச் சொல்லும். இதற்காக 27,000 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நோக்கில் 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்ற இயக்கமே நடந்தது. அந்த வரிசையில் உழைப்பு நிறைய இருந்தது. ஆனால் வகுப்பில் பிழையில்லாமல் சொன்ன அதே வாக்கியம், ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டிய நேரத்தில் பிள்ளைக்கு வரவில்லை.

ஆங்கிலக் கல்வி வல்லுநர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்ப் பள்ளிகளில் வேறொன்றைச் சோதித்தார். அதுதான் பெங்களூர்த் திட்டம். மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போதுதான் இலக்கணம் உள்ளே படிகிறது என்பது அவருடைய கருத்து. எனவே இலக்கணப் பாடமும் வாய்ப்பயிற்சியும் கிடையாது; ஆங்கிலத்தில் யோசித்து விடை காண வேண்டிய டாஸ்க் மட்டும். அந்த முறையில் 45 நிமிட பீரியட் ஒன்றை நடத்துவது இப்படி.

முதல் வேலை, கேள்வியைத் தேர்ந்தெடுப்பது. பாதி வெற்றி இதிலேயே இருக்கிறது. பிரபு டாஸ்க்குகளை மூன்றாகப் பிரித்தார்: ஒருவரிடம் இருக்கும் தகவலை இன்னொருவருக்குக் கடத்துவது, தந்த தகவலிலிருந்து புதிதாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிப்பது, சொந்தக் கருத்தைச் சொல்வது. தகவல் கடத்துவது ஒரே எட்டில் முடிந்துவிடும். கருத்துச் சொல்வதில் எது சரி என்று தெரியாமல் தொடக்க நிலைப் பிள்ளை தயங்கும். நடுவிலுள்ள யோசிக்கும் டாஸ்க்தான் வகுப்பை இழுத்துப் பிடிக்கும்; அதில் சரியான விடை ஒன்று இருக்கிறது, போய்ச் சேரும் வழியில் மொழியும் நிறையத் தேவைப்படுகிறது.

கரும்பலகையில் அட்டவணையை எழுதுங்கள். ஏ வண்டி: சென்னை 6.00, விழுப்புரம் 8.45. பி வண்டி: 7.30, 10.00. சி வண்டி: 9.15, 12.20. நேரங்கள் கற்பனையாக இருக்கலாம். கூட்டிக் கழித்தால் இடிக்கக் கூடாது.

முதல் 20 நிமிடம் முன்னோட்டம், வகுப்பு முழுவதோடும். ஆங்கிலத்தில், சிறு கேள்விகளாகக் கேளுங்கள்: ஏ வண்டி எப்போது கிளம்புகிறது? எவ்வளவு நேரம் ஓடுகிறது? எது வேகமானது? (பி, இரண்டரை மணி நேரம்.) பிறகு உண்மையான முடிச்சு: ரவிக்கு விழுப்புரத்தில் 10.30க்கு வேலை, ஸ்டேஷனிலிருந்து அங்கே போக 40 நிமிடம், எந்த வண்டி? பெரும்பாலும் 'பி' என்ற குரல்தான் முதலில் எழும். தவறு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள், காரணம் கேளுங்கள். பத்துக்கு இறங்கி 40 நிமிடம் சேர்த்தால் 10.40 என்று வகுப்பே கண்டுபிடித்து 'ஏ'வுக்கு வரும்.

அடுத்த 15 நிமிடம் டாஸ்க். அதே மாதிரி, வேறு எண்களோடு நான்கைந்து கேள்விகளை எழுதித் தாருங்கள். ஒவ்வொருவரும் தனியாகச் செய்யட்டும். குழு வேலையைப் பிரபு தவிர்த்தார்: பிள்ளைகள் ஒருவரின் அரைகுறை ஆங்கிலத்தை இன்னொருவர் கேட்டுப் பழகினால் அதுவே நிலைத்துவிடும் என்பது அவர் கவலை. அவசரத்துக்குத் தமிழில் கேட்டால் தடுக்க வேண்டாம். பதிலை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

கடைசி 10 நிமிடம் திருத்தம். மதிப்பெண் விடைக்கு மட்டும், இலக்கணத்துக்கு இல்லை. "ட்ரெயின் லீவிங் சிக்ஸ்" என்று பிள்ளை சொன்னால் "யெஸ், இட் லீவ்ஸ் அட் சிக்ஸ்" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பித் தந்துவிட்டு நகருங்கள். நின்று விதியை விளக்க ஆரம்பித்தால் ரவியின் வண்டி மறந்துபோய் வகுப்பு மறுபடி இலக்கண வகுப்பாகிவிடும். ஆசிரியர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

அடுத்த பாடம் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கு பிரபுவிடம் எளிய அளவுகோல் இருந்தது: வகுப்பில் பாதிப் பேராவது பாதிக் கேள்விகளையாவது சரியாகச் செய்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தகவலைக் குறையுங்கள் (மூன்று வண்டி இரண்டாகலாம்), அல்லது யோசனைப் படிகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள். எல்லோரும் எல்லாம் சரியாகச் செய்தாலும் பாடம் தோற்றதுதான்; யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்போது திரும்பும் வண்டியையோ கட்டணத்தையோ சேருங்கள். ஒரே நாளில் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. பாடப்புத்தகத்தின் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு இங்கே வகுப்பை ஓட்ட முடியாது. பிள்ளை எதைச் சொன்னாலும் அந்த நொடியில் ஆங்கிலத்தில் பதில் பேச வேண்டும். திட்டத்தை மதிப்பிட்டபோது, திட்டத்துக்காக வெளியிலிருந்து வந்து கற்பித்தவர்களைவிட பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களுக்கு இது கடினமாக இருந்தது தெரிந்தது. தேர்வு முடிவும் ஒரு பக்கமாகச் சாயவில்லை: ஸ்ட்ரக்சர் சோதனையில் பழைய முறை வகுப்புகளும், டாஸ்க் சோதனையில் புதிய முறை வகுப்புகளும் பொதுவாக முன்னே நின்றன. உங்கள் பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு இலக்கண வினாக்களால் நிறைந்தது என்றால் வாரத்தில் இரண்டு பீரியடை இதற்கு ஒதுக்கி, மற்றவற்றைப் பாடத்திட்டத்துக்கே விடுங்கள். ஆங்கிலத்தில் தயங்குகிற ஆசிரியர், முன்னோட்டத்தில் கேட்கப்போகும் எல்லாக் கேள்விகளையும் முந்தின நாளே எழுதி, ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும்.