பழைய புல்லட்டுக்கு டேப்பட் வைக்கும் முறை

டேப்பட் வைப்பது என்றால், வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு இடையிலுள்ள தளர்வைச் சரிசெய்வது. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் அதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வேண்டாம். இரண்டு விரல் போதும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் பின்சக்கரத்தை உருட்டி, பிஸ்டனைக் கம்ப்ரெஷன் மேல்முனைக்கு, அதாவது கலவையை அமுக்கி முடிக்கும் உச்சிக்கு, கொண்டுவாருங்கள். இரண்டு வால்வுகளும் மூடியிருப்பது அங்கேதான்.

வலப்புறச் சிறு மூடியைத் திறந்தால் புஷ்ராடுகளின் (வால்வுகளைத் திறக்கத் தள்ளும் கம்பிகள்) அடிப்பகுதி தெரியும். அங்கே உள்ள அட்ஜஸ்டரை நகராமல் பிடிக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, புஷ்ராடு மேலும் கீழும் ஆடாமல், ஆனால் விரலால் உருட்டினால் தடையின்றிச் சுழலும்படி அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். எக்ஸாஸ்ட் (புகை வெளியேற்றும் வால்வு) பக்கம் இறுக்கம் கூடவே கூடாது. வால்வு சரியாக உட்காராமல் கருகிவிடும். கொஞ்சம் டிக்டிக் சத்தம் வந்தால் வரட்டும், என் கட்சி அதுதான்.

தொல்லையெல்லாம் லாக் நட்டில். அதை முறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே திரும்பிவிடும். ஸ்பேனர் மூன்று வேண்டும், கையோ இரண்டுதான். இறுக்கியபின் மறுபடியும் உருட்டிப் பாருங்கள். மூடியின் கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் கசியும்.