ராக்கெட் எங்கே விழுந்தது? முதல் ராக்கெட்டுக்கு ஆல்டிமீட்டரும் ஜிபிஎஸ்ஸும்

10.87, 77.55. ராக்கெட் விழுந்த இடம் என்று என் கையிலிருந்த ரிசீவர் காட்டியது இவ்வளவுதான். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே ஒரு கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) நின்றுகொண்டு அதை மேப்பில் போட்டால், புள்ளி யாருடைய கிணற்று மேட்டிலோ போய் உட்கார்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை. கிளுவை வேலியில் கை கால் கிழிபட்டு ரெண்டு மணி நேரம் தேடிய பிறகு போன் அடித்தது. "ஏனுங் தம்பி, வெள்ளைக் குழாய் ஒண்ணு எங்க சோளக்காட்டுல கெடக்குதுங்க. இந்த நம்பர் எழுதியிருக்குது, உங்களுதுங்களா?"

ஜிபிஎஸ் மேல் தப்பில்லை, என் மேல்தான். என்ன தப்பு என்பதைச் சோதனைப் பகுதியில் சொல்கிறேன். அதற்கு முன் முதல் படி இதுதான்: குழாயின் மேல் பர்மனென்ட் மார்க்கரால் போன் நம்பரை எழுதுங்கள். பேட்டரி தேவைப்படாத டிராக்கர் அது ஒன்றுதான்.

இன்னொன்று. ராக்கெட்டை உந்தும் மோட்டாருக்காக வீட்டில் பவுடர் கலக்கும் வேலையே வேண்டாம். கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் எல்லாம் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. மோட்டாரும் அனுமதியும் கல்லூரிக் குழு வழியாகவே வரட்டும். இங்கே நான் பேசுவது 300 மீட்டர் வரை போகும் ஒரு சின்ன அட்டைக்குழாய் ராக்கெட்டின் உள்ளே இருக்கும் பெட்டியைப் பற்றி மட்டும்.

படி 1: காற்றுக்கு ஒரு கணக்கு

பாராசூட் விரிந்த பின் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். 300 மீட்டர் இறங்க 60 நொடி. காற்று நொடிக்கு 8 மீட்டர் அடித்தால் 480 மீட்டர் தள்ளிப் போய் விழும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வருகிற பக்கம் இது. பல்லடம், உடுமலை சுற்றிக் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. அந்த மாதங்களில் ஏவாதீர்கள். மற்ற மாதங்களிலும் விடிகாலைதான் நல்லது. உங்கள் காட்டின் அளவை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே டிராக்கர் வேண்டுமா என்று தெரிந்துவிடும். 50 மீட்டர் போகும் தண்ணீர் ராக்கெட்டுக்குக் கண்ணே போதும்.

படி 2: உயரத்துக்குக் காற்றழுத்த சென்சார்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "ஜிபிஎஸ்ஸே உயரம் காட்டுமே, தனியாக ஆல்டிமீட்டர் (உயரமானி) எதற்கு?" என்று கேட்கிறார்கள். ஜிபிஎஸ் கிடைமட்டத்தில் இடத்தை நன்றாகச் சொல்லும், உயரத்தில் கொஞ்சம் தடுமாறும். போதாததற்கு மோட்டார் உதைக்கும்போது பல மாட்யூல்கள் செயற்கைக்கோளைத் தவறவிட்டு, பாராசூட்டில் இறங்கும்போதுதான் மறுபடி பிடிக்கும். உச்சி உயரம் சரியாக அந்த இடைவெளியில் தொலைந்துவிடும்.

அதனால் உயரத்துக்கு பிஎம்பி280 என்ற காற்றழுத்த சென்சார் போதும். காசு இருந்தால் எம்எஸ்5611. நம் ஊர் மட்டத்தில் சுமார் எட்டரை மீட்டர் ஏறினால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். சென்சார் பார்ப்பது அதைத்தான். அதற்கு வெளிக்காற்று தெரிய வேண்டுமே! குழாயைச் சுற்றிச் சம இடைவெளியில் மூன்று சின்ன ஓட்டைகள் போடுங்கள். ஒரே ஓட்டை போட்டால் எதிர்க்காற்றில் பொய் உயரம் காட்டும். சென்சார் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் நேர் வெயிலும் காற்று வீச்சும் படாது.

முதல் சில பறப்புகளில் ஆல்டிமீட்டர் உயரத்தைப் பதிவு மட்டும் செய்யட்டும். பாராசூட்டைத் தள்ளும் வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்ளும்.

படி 3: ஜிபிஎஸ்

யூப்ளாக்ஸ் நியோ-6எம் மலிவு, எங்கும் கிடைக்கும். எம்8, எம்10 வகைகள் செயற்கைக்கோளைச் சீக்கிரம் பிடிக்கும். எதை வாங்கினாலும் செட்டிங்கில் வான்வழி (Airborne) என்ற பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். சதுர ஆன்டெனா வானத்தைப் பார்த்து இருக்கட்டும். குழாய் அட்டை, பிவிசி, ஃபைபர் கிளாஸ் எதுவானாலும் சரி. கார்பன் ஃபைபரோ அலுமினியமோ ஆனால் உள்ளே சிக்னலே வராது.

படி 4: ரேடியோ

சிம் கார்டு டிராக்கரை வாங்க நினைக்காதீர்கள். டவர் எடுக்காத பள்ளத்தில் விழுந்தால் அதோடு சரி. குறைந்த பவரில் தொலைதூரம் தகவல் அனுப்பும் லோரா ரேடியோவே நல்லது. வாங்கும்போது அலைவரிசையைப் பாருங்கள். ஆன்லைனில் 433, 915 எல்லாம் கலந்து கிடக்கும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை வரம்புக்கு உட்பட்ட பவரில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். ஆக, 868 என்று எழுதிய மாட்யூலை வாங்கி, ப்ரோகிராமில் 866-க்கு மாற்றுங்கள். ஆன்டெனாவுக்கு 86 மில்லிமீட்டர் ஒயரே போதும். ஆன்டெனா இல்லாமல் கரன்ட் கொடுத்தால் மாட்யூல் கெட்டுப்போகலாம்.

பேட்டரிக்கு ஒரு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்). ஸ்பிரிங் ஹோல்டர் வேண்டாம், கிளம்பும் உதைப்பில் ஸ்பிரிங் ஒரு கணம் விலகினால் போர்டு ரீஸ்டார்ட் ஆகிவிடும். சத்தம் போடும் ஒரு பஸ்ஸரும் சேர்த்துவிடுங்கள்.

படி 5: தரையிலேயே தோற்றுப் பாருங்கள்

என் கதைக்கு வருகிறேன். பெட்டிக்குள் எல்லாவற்றையும் இயக்கும் சின்னக் கணினி போர்டான ஆர்டுயினோவில் தசம எண்ணை அப்படியே பிரிண்ட் செய்யச் சொன்னால் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம்தான் காட்டும். ஜிபிஎஸ் மாட்யூல் முழு எண்ணைத்தான் கொடுத்தது. அனுப்பும் வரியில் நான் அதை வெட்டிவிட்டேன். பாகையில் 0.01 என்பது தரையில் 1.1 கிலோமீட்டர். அதாவது, ஒரு கிராமத்தில் பாதியைக் காட்டி "இதற்குள் எங்கோ" என்றது என் ரிசீவர். நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர். பிரிண்ட் கட்டளையில் எண்ணுக்குப் பின் 6 என்று சேர்த்தால் தீர்ந்தது. வீட்டு மேஜையில் சோதித்தபோது 'எண் வருகிறது' என்று சந்தோஷப்பட்டேனே தவிர, நடந்து பார்க்கவில்லை.

நீங்கள் நடந்து பாருங்கள். பெட்டியை நண்பரிடம் கொடுத்து, இட்டேரி வழியே போய் எங்காவது ஒளித்துவைக்கச் சொல்லுங்கள். ரிசீவரை மட்டும் பார்த்துக் கண்டுபிடியுங்கள். ஆல்டிமீட்டருக்கு வேறு சோதனை: மூடி இறுகிய டப்பாவுக்குள் வைத்து, மூடியில் ஓட்டை போட்டு சிரிஞ்சால் காற்றை இழுங்கள். உயரம் ஏறுவதாகக் காட்ட வேண்டும், விட்டால் இறங்க வேண்டும்.

படி 6: ஏவும் நாள்

ஆறு செயற்கைக்கோளாவது தெரிகிற வரை கவுன்ட்டவுன் ஆரம்பிக்காதீர்கள். ராக்கெட் தரையைத் தொட்டதும் செடி கொடி மறைத்து சிக்னல் பெரும்பாலும் போய்விடும். உங்களிடம் மிஞ்சுவது வானத்திலிருந்து வந்த கடைசித் தகவல்தான், அதனால் நொடிக்கு ஒன்று அனுப்பட்டும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் மேல் ஏறி நின்று ரிசீவரைப் பிடித்தால் இன்னும் சில தகவல்கள் சிக்கும். கடைசிப் புள்ளிக்குப் போய், அங்கிருந்து காற்று போகும் திசையில் நடந்தால் பஸ்ஸர் சத்தம் கேட்கும்.

வேலி தாண்டும் முன் தோட்டத்துக்காரரிடம் கேட்டுவிடுங்கள். சோளம் கதிர் விட்டிருந்தால் அவரையே முன்னால் நடக்கச் சொல்லுங்கள், எங்கே மிதிக்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும்.