கலோரிக்காக வெயிட் தூக்குறவங்க பண்ற தப்புங்க, நான் பண்ணதும் சேர்த்து

போன வாரம் ஜிம்ல ஒரு பையன், சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது, பாரை (எடை மாட்டுற கம்பியை) ரேக்குல வெச்ச அடுத்த நொடி கையைத் திருப்பி எவ்வளவு கலோரின்னு வாட்சைப் பார்த்தான், மூச்சுகூட அடங்கல, அதுக்குள்ள அடுத்த செட்டுக்கு (நிறுத்தாம பண்ற ஒரு சுத்துக்கு) ஓடிட்டான். எனக்கு சிரிப்பும் வந்துச்சு, எரிச்சலும் வந்துச்சு, ஏன்னா ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அதே கூத்தை நானும் அடிச்சிருக்கேன். வார்ம்அப் பண்ணுங்க, முதுகை வளைக்காதீங்க, தண்ணி குடிங்கன்னு இங்க எழுதப் போறதில்ல, அதைச் சொல்ல ஒவ்வொரு ஜிம்லயும் பத்து பேர் இருக்காங்க. வொர்க்அவுட்டை அடுக்குற விதத்துல கலோரியை நினைச்சு நாம பண்ற தப்புங்க மட்டும்தான் இது.

வெயிட் தூக்குறதை ஓட்டப்பந்தயமா மாத்துறது

இதுதான் பெருசு, இன்னைக்கும் பார்த்தா கடுப்பாகுறது இது ஒண்ணுதான். கேக்குறதுக்கு நியாயமாத்தான் இருக்கும்: சும்மா உட்கார்ந்து ரெஸ்ட் எடுக்குறப்போ என்ன எரியப் போகுது, அந்த நேரத்தைக் குறைச்சா அதே ஒரு மணி நேரத்துல ரெண்டு மடங்கு வேலை நடக்கும்ல? நிமிஷக் கணக்குப் பார்த்தா கலோரி கூடத்தான் செய்யும், அது உண்மை. ஆனா 80 கிலோ ஸ்குவாட் (பாரைத் தோள்ல வெச்சு உட்கார்ந்து எழுறது) அஞ்சு ரெப், அதாவது அஞ்சு தடவை, போட்டுட்டு 20 செகண்ட்ல திரும்ப நின்னா அந்த எடை வராது, 60 ஆக்குவீங்க, அப்புறம் 40, கடைசியில வெறும் பாரைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூச்சிரைக்க குனிஞ்சு நிமிர்ந்துட்டு இருப்பீங்க. அது வெயிட் ட்ரெயினிங்கும் இல்ல, ஒழுங்கான கார்டியோவும் இல்ல.

நான் இதை எட்டு மாசம் பண்ணேன். பத்து எக்ஸர்சைஸ், நடுவுல நிக்கவே கூடாது, நாலு ரவுண்டு, முடிச்சா தரையில விழுந்து கிடப்பேன், வாட்ச் 700, 750ன்னு காட்டும், அதை போட்டோ எடுத்து ஃப்ரெண்ட்ஸுக்கு வேற அனுப்புவேன். ஆறு கிலோ குறைஞ்சுது, சந்தோஷம்தான். ஆனா இடுப்புல பெல்ட் ஒரே ஒரு ஓட்டைதான் உள்ள போச்சு, தோளும் தொடையும்தான் துணிக்குள்ள தொளதொளன்னு ஆயிடுச்சு. ஆரம்பத்துல 90 கிலோ ஸ்குவாட் அஞ்சு ரெப் போட்டவன், எட்டு மாசம் கழிச்சு 70க்கே கால் நடுங்கி நின்னேன். அதைத் திரும்ப 90க்கு கொண்டு வர கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷம்தான் எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

அந்த 700 எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறமா உட்கார்ந்து கணக்கு போட்டேன். 70 கிலோ ஆளு 60 கிலோ பாரோட ஸ்குவாட் பண்றாருன்னு வெச்சுக்கோங்க, முழங்காலுக்குக் கீழ பெருசா மேல ஏறாது, அதைக் கழிச்சா சுமார் 120 கிலோ அரை மீட்டர் மேல போகுது. அது 590 ஜூல் வேலை. ஒரு கிலோகலோரிக்கு (நாம கலோரின்னு சொல்றது இதைத்தான்) 4184 ஜூல். நம்ம உடம்பு எரிக்கிறதுல நாலுல ஒரு பங்கு, இல்ல அஞ்சுல ஒரு பங்குதான் வேலையா மாறும், மிச்சமெல்லாம் சூடு. அப்படிப் பார்த்தா ஒரு ரெப்புக்கு சுமார் 0.6 கலோரி. பத்து ரெப்பா அஞ்சு செட் போட்டா 30 கலோரி! கீழ இறங்குறதுக்கும் பாரைத் தாங்கிட்டு நிக்கிறதுக்கும் மேல கொஞ்சம் சேர்த்துக்கோங்க, என்ன சேர்த்தாலும் 700 பக்கம்கூட வராது. பொதுவா பயன்படுத்துற கணக்குப்படி 70 கிலோ ஆளுக்கு சாதாரண வேகத்துல வெயிட் போட்டா மணிக்கு 245, நல்லா கஷ்டப்பட்டுப் போட்டா 420 பக்கம். அதுலயும் சும்மா உட்கார்ந்திருந்தாலே எரியிற 70 உள்ளயே இருக்கு.

வாட்ச் ஏன் அவ்வளவு காட்டுதுன்னா, அது இதயத் துடிப்பை வெச்சுதான் ஊகிக்குது. ஓடுறப்போ துடிப்பு ஏற ஏற ஆக்ஸிஜன் செலவும் கூடவே ஏறும், கணக்கு ஓரளவு ஒத்துப்போகும். கனமா தூக்குறப்போ மூச்சை அடக்கி வயித்தை இறுக்குறோம், ரத்த அழுத்தம் ஏறுது, துடிப்பு எகிறுது, ஆனா ஆக்ஸிஜன் செலவு அதே அளவுக்கு ஏறாது. 2017ல ஸ்டான்ஃபோர்டுல கையில கட்டுற ஏழு கருவிகளை நடை, ஓட்டம், சைக்கிள்ல சோதிச்சுப் பார்த்தாங்க, கலோரி விஷயத்துல இருக்கிறதுலயே துல்லியமானதுகூட சராசரியா 27 சதவீதம் தப்பு, மோசமானது 93 சதவீதம். நடைக்கே இந்த லட்சணம்னா வெயிட்டுக்கு என்ன இருக்கும்னு நீங்களே யோசிங்க.

அப்போ எதுக்குத்தான் வெயிட் தூக்குறது? சாப்பாட்டைக் குறைச்சு எடை இறக்குறப்போ உடம்பு கொழுப்போட சேர்த்து தசையையும் கரைக்கும். "இந்தத் தசை எனக்குத் தேவை, தொடாதே"ன்னு உடம்புக்குச் சொல்ற வழிதான் கனமான செட்டு. அந்தக் கனத்தையே நீங்க பாதியாக்கிட்டா சொல்ல வந்த விஷயமே போச்சு. 2016ல வந்த ஒரு ஆய்வுல ஏற்கனவே பழகின ஆம்பளைங்களை ரெண்டா பிரிச்சு எட்டு வாரம் ஒரே வொர்க்அவுட் குடுத்தாங்க, ஒரு குரூப்புக்கு 1 நிமிஷம் ரெஸ்ட், இன்னொரு குரூப்புக்கு 3 நிமிஷம், பலமும் தசையும் அதிகம் கூடினது 3 நிமிஷம் எடுத்தவங்களுக்குத்தான். நான் இப்போ ஸ்குவாட், டெட்லிஃப்ட் (தரையிலேர்ந்து பாரைத் தூக்குறது), பெஞ்ச் (படுத்துட்டு பாரை மேல தள்ளுறது) மாதிரி பெருசுக்கெல்லாம் ரெண்டுலேர்ந்து மூணு நிமிஷம், கர்ல் (கையை மடக்கி எடையைத் தூக்குறது) மாதிரி சின்னதுக்கு ஒண்ணுலேர்ந்து ஒன்றரை. கலோரி வேணும்னா தனியா நடக்கிறேன், வேகமா ஒரு மணி நேரம் நடந்தா 300 பக்கம் வரும், மறுநாள் ஸ்குவாட்டையும் கெடுக்காது.

ஆஃப்டர்பர்ன் இருக்குன்னு சொல்லி ரெண்டு தட்டு சாப்பிடுறது

வொர்க்அவுட் முடிஞ்சப்புறமும் உடம்பு கொஞ்ச நேரம் கூடுதலா எரிக்கும், பொய் இல்ல. ஆனா அது வொர்க்அவுட்ல செலவானதுல 6லேர்ந்து 15 சதவீதம்தான். 300 எரிச்சிருந்தா 18லேர்ந்து 45. ரெண்டு வாய்க்குத் தாங்காது.

தசை சேர்ந்தா தூங்குறப்போவும் எரியும்னு கணக்கு விடுறது

எரியும். ஒரு கிலோ தசைக்கு சும்மா இருக்கிறப்போ ஒரு நாளைக்கு 13 கலோரி, கொழுப்புக்கு 4.5. ரெண்டு கிலோ தசை ஏத்துறதுக்குள்ள நாக்கு தள்ளிடும், கிடைக்கிறது 26 கலோரி. அந்தத் தசையை வெச்சு அதிக எடை தூக்க முடியும், வயசானா மாடிப்படி ஏற முடியும், அதுக்காகச் சேருங்க.

கைக்கு மூணு நாள், காலுக்கு பூஜ்யம்

பெரிய தசை வேலை செஞ்சாத்தான் பெரிய செலவு. பைசெப்ஸ் கர்ல்ல பத்து கிலோ டம்பெல் முன்னங்கை மடங்குற தூரம்தான் மேல வருது, அவ்வளவுதான். ஸ்குவாட்ல தொடை, பின்பக்கம், முதுகு எல்லாம் சேர்ந்து உங்க உடம்பையும் தூக்குது, பாரையும் தூக்குது. லெக் டே அன்னைக்கு மட்டும் சரியா சொந்தக்காரங்க வீட்டு விசேஷம் வர்ற ஆளுங்க, உங்களைத்தான் சொல்றேன்.

சூப்பர்செட்டுக்கு கண்டபடி ஜோடி சேர்க்கிறது

நேரம் இல்லாதவங்களுக்கு சூப்பர்செட் (ரெண்டு எக்ஸர்சைஸை நடுவுல நிக்காம அடுத்தடுத்து போடுறது) நல்ல விஷயம், அடிச்சுச் சொல்வேன். ஆனா ஒண்ணு உழைக்கிறப்போ இன்னொண்ணு ஓய்வெடுக்கணும், பெஞ்ச் போட்டுட்டு ரோ (எடையை வயித்துப் பக்கம் இழுக்கிறது) இழுக்கிற மாதிரி. நான் ஒரு காலத்துல டெட்லிஃப்ட் முடிச்ச கையோட பார்பெல் ரோ இழுத்தேன், ரெண்டுக்கும் அதே பிடி, அதே கீழ் முதுகு, மூணாவது ரவுண்டுல பாரு விரல்லேர்ந்து நழுவி விழுந்துச்சு, கால் தப்பிச்சது என் நல்ல நேரம்.

வியர்வையை அளவுகோலா வெக்கிறது

ஃபேன் நின்னாலும் வியர்க்கும்.

வாராவாரம் பிளான் மாத்துறது

அடிக்கடி மாத்தி தசையைக் குழப்பணும்னு சொல்வாங்க, தசை ஒண்ணும் குழம்பாது. நீங்கதான் குழம்புவீங்க.

நோட்டு இல்லாம வர்றது

என்ன எடை, எத்தனை ரெப்னு எழுதுங்க.

மூணு நிமிஷம்னு சொல்லிட்டு பத்து நிமிஷம் போன்

ரெஸ்ட் எடுங்கன்னு நான் சொன்னதும் சில பேர் பெஞ்ச்லயே குடித்தனம் போட்டுடுறாங்க, பின்னாடி மூணு பேர் காத்துட்டு நிப்பாங்க, இவரு வீடியோ தள்ளிட்டு இருப்பாரு. டைமர் வெய்ங்க. அந்தப் பையன்கிட்டயும் இதைத்தான் சொன்னேன், "சரிண்ணா"ன்னு வாட்ச்லயே மூணு நிமிஷ டைமர் வெச்சுக்கிட்டான், நேத்து 60 கிலோ அஞ்சு செட்டும் குறையாம போட்டான். ஆனா டைமர் ஓடுறப்போ நடுவுல நைஸா கலோரி பக்கத்தைத் தள்ளிப் பார்த்துட்டுத்தான் இருந்தான்.