தொடரில் உளவாளி வரும் வாரம்: கதை எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட காலம் ஓடும் துப்பறியும் தொடர் எதுவானாலும், என்றாவது ஒரு வாரம் அதில் உளவாளி ஒருவர் வந்தே தீருவார். சொத்துக்காகக் கொல்லும் கணவன், பொறாமையில் விஷம் வைக்கும் நடிகை, கூட்டாளியைத் தீர்த்துக்கட்டும் முதலாளி என்று வாரம்தோறும் புதுக் கொலைகாரர்களைத் தேடி அலையும் எழுத்தாளருக்கு, போலிப் பெயரும் சங்கேத வார்த்தையுமாக ஒரு மனிதர் கிடைப்பது பெரிய வரம். எனக்கும் அந்த வாரங்கள் மிகவும் பிடிக்கும். அதனால்தான் அவை கெட்டுப்போகும்போது வருத்தமாக இருக்கிறது. பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் கெட்டுப்போகின்றன.

முதலில் பெரிய தவறைச் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ரகசியத்தையும் மர்மத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் அது. ரகசியத்தை யாராவது வந்து சொன்னால்தான் தெரியும். மர்மத்தை, கவனமாகப் பார்த்தால் நாமே அவிழ்க்கலாம். உளவாளி கதைக்குள் நுழைந்ததும் எழுத்தாளரின் கையில் ரகசியங்கள் குவிந்துவிடுகின்றன. கடைசிப் பத்து நிமிடத்தில் கறுப்புக் காரிலிருந்து ஒரு மேலதிகாரி இறங்குகிறார். "இறந்தவர் உண்மையில் எங்கள் ஆள், கொன்றவர் அந்தப் பக்கத்து ஆள்" என்று விளக்கிவிட்டுப் போகிறார். நாற்பது நிமிடம் கன்னத்தில் கைவைத்து யோசித்தவருக்குக் கிடைத்தது ஒரு அறிவிப்பு மட்டுமே. துப்பு எங்கே?

இதைச் சரியாகச் செய்த கதை ஒன்று உண்டு. 1975 நவம்பர் 2 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பான கொலம்போ தொடரின் 'ஐடென்டிட்டி கிரைசிஸ்'. கசங்கிய மழைக்கோட்டும் பழைய பெஜோ காருமாக வரும் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் லெப்டினன்டாக பீட்டர் ஃபால்க். எதிரே நெல்சன் பிரென்னர் என்ற அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆளாக பாட்ரிக் மெக்கூஹன். அந்தக் கதையை இயக்கியவரும் அவரே. பிரென்னர் வெளியுலகுக்குப் பேச்சு எழுதித் தரும் ஆலோசகர். பழைய சகா ஒருவரைக் கேளிக்கைப் பூங்காவில் சந்திக்கிறார். பிறகு கடற்கரையில் அவரைக் கொன்று, வழிப்பறிக்காரன் செய்தது போலக் காட்டிவிடுகிறார்.

கதையில் ரகசியங்களுக்குப் பஞ்சமில்லை. சங்கேதப் பெயர்கள் வருகின்றன, பணத்துக்காகக் கற்பனையிலேயே உருவாக்கப்பட்ட ஓர் உளவாளியும் வருகிறார். ஆனால் கொலையாளி யார் என்பதை இந்தத் தொடர் நம்மிடம் மறைப்பதே இல்லை. கொலம்போ எப்படிப் பிடிக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை தருவது ஓர் ஒலிநாடா.

கொலை நடந்த நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஒரு வாடிக்கையாளருக்கான பேச்சை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்ததாகச் சொல்கிறார் பிரென்னர். டேப்பும் இருக்கிறது, குரலும் அவருடையது. கொலம்போ அதைப் போட்டுக் கேட்கிறார். பேச்சின் நடுவே, ஜன்னல் திரையை இழுத்து மூடும் சத்தம் கேட்கிறது. இவ்வளவுதான் துப்பு! கண்ணில் வெயில் அடித்தால் திரையை மூடுவோம். இரவில் தனியாக அறையில் இருப்பவர் எதற்காக மூட வேண்டும்? பேச்சில் அவர் சொல்லும் செய்தியும் அந்த நேரத்தோடு பொருந்தவில்லை என்று மேலும் ஒரு முடிச்சு வரும். ஆனால் என் நினைவில் நின்றது அந்தத் திரைதான். வீட்டில் தினமும் மாலை நான்கு மணிக்கு நாம் செய்யும் காரியம் அது. உலகம் சுற்றிய உளவாளி ஒருவர் அதில் மாட்டிக்கொள்கிறார். அதைப் புரிந்துகொள்ள நமக்கு எந்த நாட்டின் ராணுவ ரகசியமும் தெரிய வேண்டியதில்லை.

எழுதி முடித்த கதையைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதிகாரிகள் விளக்கம் சொல்லும் வசனங்களை எல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் உங்கள் துப்பறிவாளரால் குற்றவாளியைச் சுட்டிக்காட்ட முடிகிறதா? முடியாவிட்டால் கடைசிக் காட்சியைத் திருத்திப் பயனில்லை. முதல் காட்சியிலிருந்து துப்புகளை விதைத்துக்கொண்டு வர வேண்டும்.

அடுத்த தவறு, உளவாளி வந்ததும் நாயகர் சுருங்கிப்போவது. இதுவரை கொலைகளைத் தன் மூளையால் தீர்த்தவர், திடீரென்று கோட் சூட் ஆட்களின் பின்னால் ஓடும் எடுபிடி ஆகிவிடுகிறார். சில கதைகளில் நேர் எதிராக நடக்கும்: நேற்றுவரை தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் இன்று கூரை விட்டுக் கூரை தாவுவார். இரண்டும் வேண்டாம். பிரென்னரை விட்டுவிடும்படி மிக மேலிடத்திலிருந்தே கொலம்போவுக்கு நெருக்கடி வருகிறது. அவர் எதிர்த்து முழங்குவதில்லை. தலையை ஆட்டுகிறார், நெற்றியைச் சொறிகிறார், பிறகு மறுபடியும் கேள்வி கேட்க வந்து நிற்கிறார். உளவாளியின் பலத்தைக் காட்டுவதற்கும் அங்கே துப்பாக்கி தேவைப்படவில்லை. கொலம்போவின் மனைவிக்குப் பிடித்த இசை நாடகம் எது என்பது தனக்குத் தெரியும் என்று பிரென்னர் பேச்சோடு பேச்சாகக் காட்டிக்கொள்கிறார். தொடர் முழுவதும் நம் கண்ணில் படாத மனைவி அவர். அந்த ஒரு தகவலில் முதுகு சில்லிடுகிறது, அதே சமயம் சிரிப்பும் வருகிறது. இலகுவான தொடரில் மிரட்டல் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பேன்.

இங்கே சட்ட விவரம் ஒன்றையும் கவனிக்க வேண்டும். சிஐஏ ஆட்கள் நடுத்தெருவில் விலங்கு மாட்டிக் கைது செய்வதாகப் பல கதைகளில் எழுதிவிடுகிறார்கள். அந்த அமைப்பை உருவாக்கிய 1947ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது என்று சொல்லிவிட்டது. உள்நாட்டில் உளவாளியைப் பிடிப்பது எஃப்பிஐயின் வேலை. ஊரில் ஒரு கொலை நடந்தால் விசாரிப்பது உள்ளூர்ப் போலீஸ். நாயகரைக் களத்தில் நிறுத்த இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

ஆபத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது இன்னொரு தவறு. 'காசில்' தொடர் 2012 பிப்ரவரியில் 'பண்டோரா', 'லின்ச்பின்' என்று இரண்டு வாரம் ஓடிய உளவுக் கதையைத் தந்தது. நாவலாசிரியர் காசிலின் பழைய தோழியான சிஐஏ அதிகாரியாக ஜெனிஃபர் பீல்ஸ் வருவார். அவருக்கும், காசிலோடு சேர்ந்து துப்பறியும் போலீஸ் அதிகாரி பெக்கெட்டுக்கும் இடையிலான உரசல் அவ்வளவு அழகு. காசில் எழுதும் நாவல்களின் கதாநாயகிக்கு முன்மாதிரி யார் என்று பெக்கெட் பொருமும் இடங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஆனால் கதை மூன்றாம் உலகப் போரைத் தடுப்பது வரை போய்விடுகிறது. உலகமே அழியப் போகிறது என்றவுடன், செத்துக்கிடக்கும் மனிதரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அடுத்த வாரமே சாதாரணக் கொலை ஒன்றுக்குத் திரும்ப வேண்டிய தொடர் அது. ஒரு கொலை, ஒரு துரோகம், அதை மறைக்க ஒரு பொய். ஒரு மணி நேரத்துக்கு இது தாராளம்.

கருவிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேனா கேமராவும் காலணி டெலிபோனும் பார்க்க வேடிக்கையாக இருக்கும். முடிச்சை அவிழ்க்க அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். உண்மையான உளவு வேலை எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு ஆல்ட்ரிச் ஏம்ஸ் வழக்கைப் படித்துப் பார்க்கலாம். சிஐஏவில் இருந்துகொண்டே சோவியத் உளவுத்துறைக்கு வேலை செய்தவர், 1994 பிப்ரவரியில் கைதானார். அவர் தன்னை இயக்கியவர்களுக்குச் சமிக்ஞை காட்டியது வாஷிங்டனில் ஒரு தெருமுனைத் தபால்பெட்டியில் சாக்பீஸ் கோடு போட்டு. சந்தேகத்தை வளர்த்தது அவருடைய செலவு: 5,40,000 டாலர் வீட்டை ரொக்கமாக வாங்கியிருந்தார், ஜாகுவார் காரில் வேலைக்கு வந்தார். சம்பளமோ ஆண்டுக்கு 70,000 டாலரைத் தொடாதது. சாக்பீஸ் கோட்டையும் சம்பளத்துக்குப் பொருந்தாத வீட்டையும் கொலம்போ போன்ற ஒருவர் முன் வைத்துப் பாருங்கள். அடுத்த கேள்வி தானாக வரும்.

பழைய உளவுக் கதைகளை நினைவூட்டும் குறிப்புகளிலும் அளவு வேண்டும். பிரென்னராக நடித்த மெக்கூஹன் ஏற்கெனவே 'டேஞ்சர் மேன்', 'தி பிரிசனர்' ஆகிய பிரிட்டிஷ் தொடர்களில் உளவாளியாகப் பேர் வாங்கியவர். 'தி பிரிசனர்' தொடரில் விடைபெறும்போது சொல்லும் வாசகத்தை இந்தக் கொலம்போ கதையிலும் சொல்கிறார். தெரிந்தவர்களுக்கு அது கூடுதல் மகிழ்ச்சி. தெரியாதவர்கள் கதையில் எதையும் இழக்கவில்லை. கொல்லப்படும் சகாவாக வருபவர் லெஸ்லி நீல்சன். பின்னாளில் முகத்தில் சலனமே இல்லாமல் உலகைச் சிரிக்கவைத்தவர் இதில் ஒரு சிரிப்பும் இல்லாமல் நடித்திருக்கிறார். சரியான முடிவு அது. இறந்தவர் கோமாளியாகிவிட்டால் கொலைக்குக் கனம் இருக்காது. வேடிக்கை கொலம்போவிடம் இருக்கட்டும்.

உளவாளியை ஒரே வாரத்தில் செலவழித்துவிடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 'மர்டர், ஷீ ரோட்' தொடரில் மைக்கேல் ஹகர்ட்டி என்ற பிரிட்டிஷ் உளவு அதிகாரி 1985இல் வந்தார், பிறகும் அவ்வப்போது வந்துகொண்டே இருந்தார். நடித்தவர் லென் கேரியூ. 1979இல் பிராட்வே மேடையில் இந்தத் தொடரில் துப்பறியும் நாயகி ஜெசிகா ஃபிளெட்சராக நடித்த ஏஞ்சலா லான்ஸ்பரியோடு ஜோடியாக நடித்து, இருவருமே டோனி என்ற நாடக விருது வாங்கியவர்கள். அந்தப் பழக்கம் திரையிலும் தெரிகிறது. ஹகர்ட்டி வரும்போதெல்லாம் ஜெசிகா ஃபிளெட்சர் ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வார், கோபப்படுவார், மறுபடியும் உதவுவார். ஹகர்ட்டி சொல்வதை ஜெசிகா முழுதாக நம்புவதில்லை. பார்க்கும் நாமும் நம்புவதில்லை. ஆனாலும் அடுத்த முறை அவர் கதவைத் தட்டும்போது, ஜெசிகா திறந்துவிட மாட்டாரா என்று ஆசையாகத்தான் இருக்கிறது.